ஆறெழுத்து அருள்வாக்கு

கோலா கெத்திலில் டயர் கடைக்கு மேல்மாடியில் ஆங்கிலம் பேசும் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று செய்தி பரவியது. அவ்வளவுதான். புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டார் சைக்கிள்களும் செர்டாங்கிலிருந்து வேன்களும் வந்து குவிந்தன. அம்மனுக்குத் தமிழ் மறந்துவிட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பூசாரி பரஞ்சோதி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அதுதான் அவருடைய பெரிய தகுதி. பக்தர் தன் மனதில் தோன்றும் மூன்று ஆங்கில எழுத்துகளைச் சொல்ல வேண்டும். பிறந்த தேதியின் கூட்டு எண் எத்தனையோ, அத்தனை எழுத்தில் அம்மன் ஒரு சொல் தருவாள். அந்த மூன்று எழுத்தும் அதற்குள் இருக்கும். ஒன்றாம், இரண்டாம் எண்காரர்களுக்கு மட்டும் பரிகாரம் செய்து ஏழாக்கிவிடுவார். திரைக்குப் பின்னால் போய், வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்து, பலகையில் எழுதிக் காட்டுவார். அதை அவருடைய மைத்துனரிடமே தங்கச் சாயத்தில் எழுதி வாங்கித் தொழில் செய்யும் இடத்தில் மாட்ட வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: அர்த்தம் கேட்கக்கூடாது. கேட்டால் பலன் போய்விடும்.

காளியம்மா கேட்கவில்லை. ஆறெழுத்தில் கிடைத்த 'ரேன்சிட்' என்ற சொல்லைத் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் தன் கடையின் நெற்றியில் மாட்டினாள். தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் அய்யாவு தன் வேன் முழுக்க 'ஹெர்ஸ்' என்று எழுதிக்கொண்டான்.

புருஷன் போனபின் பதினைந்து வருடமாகக் காளியம்மாவுக்குச் சோறு போட்ட கடை அது. போர்டு மாட்டிய மறுவாரமே வாத்தியார்கள் வருவதை நிறுத்தினார்கள். பிறகு கிளினிக்காரர்கள். சமைத்ததைக் கோழிக்குக் கொட்டிவிட்டு அவள் பரஞ்சோதியிடம் ஓடினாள். எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிய போர்டு வை என்றார் அவர். வைத்தாள். மிச்சமிருந்தவர்களும் தூரத்திலிருந்தே படித்துவிட்டுப் போனார்கள்.

சுங்கை பட்டாணியில் வேலை பார்க்கும் மகள் ஷீலா விடுமுறைக்கு வந்து போர்டைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா, ரேன்சிட்னா ஊசிப்போனதுன்னு அர்த்தம். ஊசிப்போன சோறுன்னு நாமளே போர்டு போட்டு விக்கிறோம் லா."

காளியம்மா போர்டைக் கழற்றப் போனாள். ஆனாலும் சாமி வாக்காயிற்றே. கிறுக்குப் பிடித்த மூன்று எழுத்தைக் கேட்டுப் பார், அம்மன் என்றால் அதற்கும் சொல் தருவாள் என்றாள் ஷீலா. சாமியைச் சோதிக்கலாமா என்று ஒருநாள் முழுக்கத் தவித்துவிட்டு, காளியம்மா மகளோடு கிளம்பினாள்.

சனிக்கிழமைக் கூட்டத்தின் நடுவே க்யூ, எக்ஸ், இசட் என்றாள். பரஞ்சோதி சளைக்காமல் திரைக்குப் பின்னால் போனார். கொஞ்சம் அதிகமாகவே வேர்த்து வந்து, படம் வரைவதுபோல எழுதினார். ஆறெழுத்தில் ஒரு சொல் அல்ல. வரிசையாக மூன்று சொற்கள். "மூணு வாக்கு! இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்ல" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மைத்துனர் பிரஷ்ஷை எடுத்தார்.

"நோ வேர்ட்ஸ் ஃபவுண்ட்" என்று ஷீலா உரக்கப் படித்தாள். "அப்படி ஒரு சொல்லும் இல்லையாம். அம்மன் சொல்லல, ஹேண்ட்போன் சொல்லுது."

திரையை இழுத்தாள். குங்குமத் தட்டில் ஒரு கைபேசி, பக்கத்தில் சார்ஜர். எழுத்தையும் நீளத்தையும் தட்டினால் சொற்களைத் தேடித் தரும் இணையப் பக்கம், அதே மூன்று சொற்களோடு விழித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் நின்ற அய்யாவுவைக் கூப்பிட்டு, அவன் அன்று சொன்ன எழுத்துகளைத் தட்டச் சொன்னாள். வந்த பட்டியலில் 'ஹெர்ஸ்' இருந்தது. அர்த்தம் கேட்டான்.

"பொண வண்டி, அண்ணே."

அவன் வேனில் தினமும் வேலைக்குப் போய் வந்த எட்டுப் பேர் கூட்டத்திலிருந்து அவனைப் பார்த்தார்கள்.

பரஞ்சோதி பின்படி வழியாக நழுவப் பார்த்தார். சட்டையைப் பிடிக்க நாலு பேர் பாய்ந்தார்கள். அம்மனைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தடுக்கவும் ரெண்டு பேர் இருந்தார்கள்! காளியம்மாவுக்கு அவமானத்தில் கண் கலங்கியது. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"அவர விடுங்க. அவரு எழுதித்தான் குடுத்தாரு, ஏணி போட்டு மாட்டுனது நான். கேக்காதேன்னு சொன்னாரு, நானும் வாயப் பொத்திக்கிட்டேன். இனிமே எவனாச்சும் கேக்காதேன்னு சொன்னா, ஏன் கேக்கக்கூடாதுன்னு அதையே மொதல்ல கேளுங்க."