மூத்த மாப்பிள்ளை தைத்த போர்வை

மில்லில் வேலை பார்ப்பவனுக்குத் தைக்கத் தெரிந்திருக்கும் என்பது ஒரு மூடநம்பிக்கை. அதை நம்பியது நான் ஒருவன்தான்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தேன். என் மச்சினிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்ததும், "நிச்சயத்துக்கு நானே ஒரு போர்வை தைச்சுத் தாரேன்" என்று மாமனார் வீட்டில் அறிவித்துவிட்டேன். அதுவரை சட்டைக்குப் பொத்தான்கூடத் தைத்ததில்லை.

கலர் கலரான துண்டுத் துணிகளை நட்சத்திரங்களாக இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. அதுவும் இரட்டைக் கட்டிலுக்கு.

"மொதல்ல ஒரு தலகாணி உறை தைச்சுப் பாருங்களேன்" என்றாள் மனைவி செல்வி.

(தலையணை உறையா? நானா?)

வீடியோவில் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே தைத்த நட்சத்திரம், என் கையில் நண்டாக வந்தது. செல்வியின் தையல் மெஷின் அந்தத் தடிமனைப் பார்த்து ஊசிகளை முறித்துத் துப்பியது. கடைசியில், துணியும் பஞ்சும் நழுவாமல் இருக்கக் கண்ட இடத்திலெல்லாம் குண்டூசி குத்தி, கையாலேயே தைத்து முடித்தேன். குண்டூசிகளை எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

நிச்சயத்தன்று போர்வையைச் சபை நடுவில் விரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து வந்தார். அந்த வீட்டில் அவர் சொன்னால்தான் எதுவும் நடக்கும்.

"மூத்த மாப்ள கையால தைச்சதாமே! செத்த உக்காந்து பாப்பமா?"

உட்கார்ந்தார். "யாத்தே!" என்று எழுந்த வேகத்தில் பழத்தட்டு உருண்டது. வேட்டியின் பின்புறம் நீலத் தலைக் குண்டூசி ஒன்று பதக்கம் போல் நின்றது.

மாமனார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முறைத்திருந்தால் தேவலை.

"இன்னும் எம்புட்டு இருக்கோ!" என்று இரு வீட்டுப் பெண்களும் போர்வையைச் சூழ்ந்துகொண்டு தடவத் தொடங்கினார்கள். மைக்செட்காரர் பழைய ஸ்பீக்கர் காந்தத்தோடு ஓடி வந்தார். ஒவ்வொரு குண்டூசிக்கும் ஒரு சிரிப்பு கிளம்பியது. (எனக்கு மட்டும் வரவில்லை.)

தாய்மாமனிடம் போனேன். "மன்னிச்சிருங்க மாமா, ரொம்ப வலிக்குதா?"

"வலி கெடக்கட்டும் மாப்ள. கல்யாணத்தன்னைக்குச் சமையக்கட்டுப் பக்கம் மட்டும் வந்திராதீய" என்றார். மாமனார் அப்போதுதான் மூச்சு விட்டார். தட்டு மாற்றினார்கள்.

போன மாதம் மச்சினியின் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப் போனேன். வாசலில் டீச்சரிடம் அவள், "இவங்க எங்க குண்டூசிப் பெரியப்பா" என்றாள்.

டீச்சர் மரியாதையாகக் கைகூப்பினார்: "வணக்கம், குண்டூசி சார்."