‘குறுக்க நிக்காதீங்க’ வந்த சாயங்காலம்

விஜயதசமியன்று சாயங்காலம் நாலு இருபதுக்கு எங்கள் வீட்டில் எல்லாம் கோணத் தொடங்கியது. அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் தேடினாலும் எங்கள் டிஷ்காரரைப் போல மனிதர்களின் பொறுமையைச் சோதிக்கிற இன்னொரு பிறவி கிடைக்காது. கிடைத்தால் அவரையும் இவர்தான் பழக்கியிருப்பார்.

அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. டிவிக்கும் ரிமோட்டுக்கும் நடுவில் யார் வந்தாலும், “குறுக்க நிக்காதீங்க!” என்று அலறுவார். அதுவே பெயராகிவிட்டது. “குறுக்க நிக்காதீங்க வந்தாரா?” “நாளைக்கு வர்றேன்னாரு.” தெருவில் இப்படித்தான் பேசிக்கொள்வோம். ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலேயே அந்தப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அவரும் வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக்குள் வந்ததும் பையைத் திறக்கமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, குடும்பத்தையே எதிரில் நிற்கவைத்து, “கடைசியா யாரு அமுக்குனது?” என்று கேட்பார். யாராவது ஒப்புக்கொள்ளும்வரை ஸ்குரூ டிரைவர் வெளியே வராது. கீழத்தெருவில் தலைதீபாவளிக்கு வந்திருந்த மாப்பிள்ளை, “நான்தாங்க... தெரியாம அதும்மேல உக்காந்துட்டேன்” என்று மாமனார் முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டியதாயிற்று.

ரைஸ்மில்காரர் வீட்டில் நடந்ததுதான் உச்சம். டிவிக்கு ஒன்று, பாக்ஸுக்கு ஒன்று என்று இரண்டு ரிமோட் எதற்கு, பாக்ஸ் ரிமோட்டிலேயே டிவியின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும்படி செய்து தருகிறேன் என்று ஆரம்பித்தார். அதற்கு ரிமோட்டை டிவியை நோக்கிப் பிடித்து ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அந்த டிவிக்குரிய நம்பர் வரும்போது டிவி தானாக அணையுமாம். அரை மணி நேரம் அமுக்கினார். மில்காரர் டிவி அசையவில்லை. ஜன்னலுக்கு நேரே, சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டில், கிரிக்கெட்டின் கடைசி ஓவர் ஓடிக்கொண்டிருந்த டிவி பட்டென்று அணைந்தது. அந்த வீட்டு ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோதும் இவர் தலையைத் திருப்பவில்லை. “குறுக்க நிக்காதீங்க” என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அன்றைக்கு நான் மாட்டினேன்.

என் மகள் கயல்விழி திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆயுத பூஜைக்கும் டியூட்டி போட்டுவிட்டார்கள். மறுநாள் மூன்று மணிக்குள் வீட்டில் இருப்பேன் என்றிருந்தாள். அவள் அப்பா சிங்கப்பூரில். காலையிலிருந்து விடாத மழை. மதியம் முதல் செல்போனில் டவர் இல்லை. நாலு இருபதுக்கு எதிர்வீட்டு மல்லிகா அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

“டீச்சர், கயலு வந்துட்டாளா?”

“இல்லையேக்கா. ஏன்?”

“ஒண்ணுமில்ல... திருச்சி ரோட்டுல ஒரு பஸ்சு வாய்க்கால்ல எறங்கிடுச்சுன்னு கடைத்தெருவுல பேசிக்கிறாங்க. டிவியில காட்டுறானாம். எங்க கேபிளு அறுந்து கெடக்கு. உங்களுதப் போடுங்க.”

பூஜையில் வைத்த எதையும் அன்றைக்குத் தொடுவதில்லை என்பதால், இரண்டு நாளில் அப்போதுதான் டிவியைப் போட்டேன். டிவி ரிமோட்டுக்கு டிவி எழுந்தது. பாக்ஸ் ரிமோட்டுக்குப் பாக்ஸ் அசையவில்லை. கடைசியாக ஓடிய சேனலிலேயே நின்றது. அது நகை விற்கிற சேனல். ஒரு பெண் சிரித்துக்கொண்டே கழுத்து ஆரத்தைக் காட்டி, “இன்னும் சில நிமிடங்களே உள்ளன, உடனே அழையுங்கள்” என்றாள். நான் பட்டனை அமுக்கினேன். அவள் சிரித்தாள். ரிமோட்டை உள்ளங்கையில் தட்டி, பேட்டரியை உருட்டி, மறுபடி அமுக்கினேன். அவள் தோட்டைக் காட்டினாள்.

மல்லிகா அக்கா ஓடிப்போய்க் கையோடு டிஷ்காரரை அழைத்து வந்தார். உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துப் போர்த்திக்கொண்டு வந்து, அதை உதறி, ஆணியில் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கடைசியா யாரு அமுக்குனது?”

“நான்தான்! நான் ஒருத்திதான் இருக்கேன் இந்த வீட்டுல! எம்பொண்ணு பஸ்ல வந்துக்கிட்டிருக்கா, தெரியுமா உங்களுக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். உடனே பையைத் திறந்தார். ரிமோட்டைத் தன் செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து அமுக்கினார். திரையில் ஊதாவாக ஒரு புள்ளி மின்னியது. “ரிமோட்டு பேசுது டீச்சர். பாக்ஸுதான் காது குடுக்கல.” பாக்ஸின் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். அது யோசித்து, சுற்றி, மெதுவாக உயிர் பெற்று, அதே பெண்ணைக் காட்டியது.

“பாக்ஸு போயிடுச்சு. நாளைக்கு வேற கொண்டாந்து மாட்டிடலாம்.”

“நாளைக்கா?”

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பாக்ஸை வீசிவிடுகிற வெறியோடு இரண்டு கையாலும் தூக்கினேன். கட்டைவிரலில் காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. பீரோ, கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவள், பாக்ஸின் முன்பக்கம், ரிமோட்டின் வெளிச்சம் நுழைகிற சின்னக் கறுப்புக் கண்ணாடியின் மேலேயே கச்சிதமாக ஒரு பொட்டு வைத்திருக்கிறேன்.

அவர் குனிந்து பார்த்தார். “நெத்தின்னு நெனச்சு கண்ணுல வச்சுட்டீங்களே டீச்சர்.”

மல்லிகா அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். முந்தானையால் துடைத்துவிட்டு அமுக்கினேன். செய்தி வந்தது. வாய்க்காலில் சாய்ந்து கிடக்கிற பஸ். அதன் ஊர்ப் பலகை தண்ணீருக்குள். ‘பயணிகள் மீட்பு’ என்று கீழே ஓடியது. எந்த ஊர் பஸ், எத்தனை பேர், யாருக்கு என்ன, ஒன்றும் ஓடவில்லை. ஓடியதே திரும்பத் திரும்ப ஓடியது. மல்லிகா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டிஷ்காரர் பையை மூடினார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். “சிக்னலு ஆடுது. மாடியில டிஷ்ஷத் திருப்பி வச்சுட்டு வர்றேன்.”

“படம் நல்லாத்தானே தெரியுது?”

“உங்களுக்குத் தெரியாது டீச்சர். நீங்க சேதியப் பாருங்க.”

சாக்கைப் போர்த்திக்கொண்டு மழையில் படியேறிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எந்த நேரத்தில் எதைத் திருப்புகிறார் இந்த மனிதர்! வாசலுக்கு வந்து, “போதுங்க, எறங்கி வாங்க, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடப்போவுது!” என்று கத்தினேன். “இன்னுங் கொஞ்சந்தான்!” என்று குரல் வந்தது. மறுபடி கத்தினேன். மறுபடி இன்னும் கொஞ்சந்தான். மழையும் நிற்கவில்லை, அவரும் இறங்கவில்லை, வெளிச்சம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. கயல். செருப்பு கையில், முழங்கால்வரை சேறு. முன்னால் போன பஸ் கவிழ்ந்ததால் அவள் வந்த பஸ்ஸைச் சுற்றுவழியில் அனுப்பியிருக்கிறார்கள். மெயின் ரோட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். அவள் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு, அங்கேயே கட்டிக்கொண்டேன்.

“அழாதம்மா, எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள். “அது சரி, நம்ம மாடியில யாரும்மா அது? சாக்கப் போத்திக்கிட்டு, டிஷ்ஷுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. நான் முனை திரும்புனதும் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுறாரு. மூஞ்சியே தெரியல. சரின்னு நானும் ஆட்டிட்டு வந்தேன்.”