கிட்டார் வேண்டவே வேண்டாம் என்றேன்

பெண்டாட்டியை ஜெயித்த ஒரு மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என் முகத்தைப் பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை நான் ஜெயித்திருந்தேன். சரித்திரத்தில் இதைவிடச் சின்ன சாம்ராஜ்யங்கள் இருந்திருக்கின்றன.

என் பெயர் நிகனோர். எங்கள் ஊர் லா பாந்தாவில் கடைத்தெரு முனையில் இருக்கிற செருப்புக் கடையில் வேலை. நாள் முழுக்க ஊரார் காலில் விழுவது என் தொழில். வீட்டுக்கு வந்தால் அந்தப் பழக்கம் உதவியாக இருக்கிறது.

லா பாந்தாவில் ஒருவன் எழுதப் படிக்கத் தெரியாமல் வாழ்ந்துவிடலாம். கிட்டார் தெரியாமல் வாழ்வதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் கூடினாலும் கிட்டார் ஆண்களிடையே கைமாறிக்கொண்டே வரும். என் மச்சான் வாசிப்பான். கசாப்புக் கடைக்காரர் வாசிப்பார். எங்கள் பாதிரியார்கூட இரண்டு கிளாஸ் ஒயினுக்குப் பிறகு வாசிப்பார். என்னிடம் வரும்போது மட்டும் அது ஒரு தூணைத் தாண்டுவது போலத் தாண்டிப் போகும். கூடவே, "நிகனோர், இன்னும் நாலு நாற்காலி கொண்டாயேன்" என்று ஒரு குரல் வரும்.

இப்படி நாற்காலி தூக்கியே ஐம்பது வயதைத் தொட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை முடிவெட்டிக்கொள்ள எவாரிஸ்தோ கடைக்குப் போனேன். எவாரிஸ்தோ என் பால்ய நண்பன். மீசையை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். மிச்ச முகம் அதற்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே, கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு கிட்டார் தொங்கியது. பழசு. தேன் நிறம். விரல் பட்ட இடமெல்லாம் தேய்ந்து பளபளப்பாக இருந்தது. முடி வெட்டி முடிக்கும்வரை நான் என் தலையைப் பார்க்கவே இல்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரோடது?"

"ஒரு வாத்தியாரோடது. மக வீட்டோட கோர்தோபாவுக்குப் போறார். வித்துக் குடுன்னு தந்துட்டுப் போனார்."

எழுந்து ஒரு தந்தியை மட்டும் தட்டினேன். எங்கள் குடும்பத்துக்கு இதுவரை வந்த தந்தி எல்லாமே சாவுச் செய்திதான். இந்தத் தந்தி வேறு ஏதோ சொன்னது. அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

வாங்கிவிட வேண்டும். ஆனால் எதெல்மிரா?

எதெல்மிரா என் மனைவி. அவளுடைய அரசியல் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவுதான். நான் ஆசைப்படுகிற எதுவும் வீட்டுக்குத் தேவையில்லை. நான் வேண்டாம் என்கிற எல்லாம் அவசரத் தேவை. வலை ஊஞ்சல் கேட்டேன், கிடைக்கவில்லை. பழைய மோட்டார் சைக்கிள் கேட்டேன், சிரித்தாள். கிளி வேண்டாம் என்றேன், வந்தது. அது இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முதுகைத் திருப்பிக்கொள்ளும். முற்றத்தில் மண் அடுப்பு வேண்டாம், புகை வரும் என்றேன். மறுவாரமே கட்டி முடித்தாள். புகை வருகிறது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தபோதுதான் பொறி தட்டியது. இத்தனை வருஷமாக நான் தப்பான பக்கம் நின்று தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்! கிட்டார் வேண்டுமானால் என்ன சொல்ல வேண்டும்? வேண்டாம் என்று சொல்ல வேண்டும்!

அன்று சாயங்காலம் முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்து இருவரும் ஒரே குடுவையில் மாத்தே தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவள் வெந்நீர் ஊற்றி உறிஞ்சிவிட்டு என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டே ஆரம்பித்தேன்.

"எவாரிஸ்தோ கடையில ஒரு பழைய கிட்டார் தொங்குது. விக்கறானாம். அந்தக் கட்டையை எவன் வாங்குவான்!"

"எந்தக் கட்டை?"

"அதான் சொன்னேனே, கிட்டார். வயிறு வெடிச்சிருக்கு. கழுத்து வளைஞ்சிருக்கு. காதைத் திருகினா ஒண்ணும் கேக்கறதில்ல."

"கிட்டாரைச் சொல்றியா, உன்னைச் சொல்றியா?"

"விளையாடாதே எதெல்மிரா. மனசு எரியுது எனக்கு. இந்த மாதிரி குப்பையை வீட்டுக்குள்ள கொண்டு வர்றவங்களும் இருக்காங்களேன்னு."

"யாரு கொண்டு வந்தா இப்போ?"

"யாரும் வரக் கூடாதுன்னு சொல்றேன்."

"யாரு வரப் போறா?"

"வந்தா?"

"வந்தா என்ன?"

நல்ல நடிகனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும். எனக்குத் தெரியவில்லை. உணர்ச்சி பொங்கிவிட்டது. எழுந்து நின்று மண் அடுப்பைக் காட்டி, "அந்தக் கிட்டார் இந்த வாசலைத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, ஞாயித்துக்கிழமை சமையல் நான் பண்றேன்! கறி வெச்சு மடிச்சு எம்பனாதா சுட்டு அடுக்கறேன்! நீ கால் மேல கால் போட்டு உக்காந்துக்கோ!" என்று கத்தினேன்.

எதெல்மிரா மாத்தேயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வயிறு நெஜமாவே வெடிச்சிருக்கா?"

"ரெண்டு விரல் உள்ள போகும்."

"நீ அளந்து சொன்ன எந்தச் செருப்பு யாருக்குச் சரியா இருந்திருக்கு? நாளைக்கு நானே பாக்கறேன்."

"எதுக்கு? வேண்டாம். வேண்டவே வேண்டாம்."

"அப்ப கட்டாயம் போறோம்."

பார்த்தீர்களா? மீன் தானாகவே படகில் குதித்தது. அன்று நான் சிரித்துக்கொண்டே தூங்கினேன் என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

சனிக்கிழமை காலை அவளுக்கு முன்னால் ஓடிப்போய் எவாரிஸ்தோவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "நான் கிட்டாரைத் திட்டுவேன். நீ மனசுல வெச்சுக்காதே. அவ வாங்கிடுவா. என் மூளையைப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றான். அவன் மீசை ஏனோ நடுங்கியது. ஒரு சவரக்காரனுக்குக் கையிலே கத்தியோடு அவ்வளவு சிரிப்பு வரக் கூடாது. என் தந்திரத்தை ரசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

எதெல்மிரா வந்தாள். கிட்டாரை ஆணியிலிருந்து கழற்றினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல அதன் கழுத்தை நீள வாக்கில் பார்த்தாள். தர்பூசணி வாங்குகிறவள் போல வயிற்றை விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். தந்திகள் கட்டியிருக்கிற கட்டை பலகையைவிட்டுத் தூக்கியிருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு கட்டமாக அழுத்தி, ஒவ்வொரு ஸ்வரமாகத் தட்டிக்கொண்டே கீழே இறங்கினாள்.

இதைப் பார்த்தபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயிக்கிறவனுக்குக் கண் தெரியாது.

"கழுத்து வளைஞ்சிருக்கு பாத்தியா?" என்றேன்.

"வளையல. இந்தக் கடையில வளையாத கழுத்து இது ஒண்ணுதான்."

"வயிறு?"

"பக்கத்துல மயிரிழை மாதிரி ஒரு கீறல். யாரோ நல்லா ஒட்டியிருக்காங்க. நிக்கும்."

"காது?"

"ரெண்டு முடுக்கு இறுக்கமா இருக்கு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டாச் சரியாப் போயிடும்." பிறகு எவாரிஸ்தோவைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா எங்க வீட்டு ஆளு தெரு முழுக்க இதைக் கட்டைன்னு சொல்லி வெச்சிருக்காரு. நல்லா விலை குறைச்சுத்தான் குடுக்கணும். இனிமே இதை வேற யாரு வாங்குவா?"

எவாரிஸ்தோ வாத்தியாருக்காகக் கொஞ்சம் வாதாடினான். எதெல்மிரா இன்னும் கொஞ்சம் இறக்கினாள். விலை படிந்தது.

"நிகனோர், பணம் வெச்சிருக்கியா?"

"இருக்கே!" என்று சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து நீட்டினேன்.

எதெல்மிரா அந்த மடிப்பைப் பார்த்தாள்.

"கிட்டார் வேண்டாம்னு சொல்ல வந்த ஆளு, கிட்டார் விலையையும் மடிச்சு எடுத்துக்கிட்டு வந்திருக்காரே" என்றாள்.

"அது... மின்சாரம் கட்ட."

"மின்சார ஆபீசுக்கு இன்னைக்கு லீவு."

"அதான் கட்ட முடியலையேன்னு..."

அவள் பணத்தை வாங்கிக் கொடுத்தாள். கிட்டாரை என் தோளில் மாட்டினாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எதிரியின் கொடியைப் பிடுங்கி வருகிற தளபதி மாதிரி கடைத்தெரு வழியாக நடந்தேன். முகம் மட்டும்தான் அழுதது. உள்ளே குதிரைப் படை, பூமாலை, இருபத்தோரு குண்டு முழக்கம்.

மத்தியான வெயிலில் ஊரே கதவைச் சாத்தித் தூங்கியது. எதெல்மிராவும் தூங்கினாள். நான் கிட்டாரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். இளம்வயதில் யாரோ சொல்லிக்கொடுத்த ஒன்றரை ஸ்வரக்கட்டு நினைவிருந்தது. ஒன்று நன்றாகவே வந்தது. அரை வந்தபோது கிளி கத்தியது. பரவாயில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. எம்பனாதாவைச் சுட்டு வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பொழுது போகாதவன் போல இதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளப் போகிறேன். நாற்காலி தூக்கும் காலம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அடுப்பு மூட்டினேன். பேச்சு பேச்சுதானே. மாவு பிசைந்து, இறைச்சி வதக்கி, முட்டை அரிந்து, மூடி மடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரே சத்தம். மச்சான், அவன் மனைவி, பிள்ளைகள், கசாப்புக் கடைக்காரர், பாதிரியார் என்று வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் எவாரிஸ்தோ, வயிற்றுக்கு முன்னால் தன் பெரிய தோல் மத்தளம் பொம்போவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான்.

"இவங்களை யாரு கூப்பிட்டா?" என்றேன்.

"நான்தான்" என்றாள் எதெல்மிரா. "வியாழக்கிழமையே சொல்லிட்டேன். எம்பனாதா விருந்துன்னு."

வியாழக்கிழமை. நான் கிட்டாரைப் பார்த்ததே வெள்ளிக்கிழமை. மாவுக் கையோடு கணக்குப் போட்டேன். விடை வருவதற்குள் முதல் தட்டு கருகும் வாசனை வந்தது. அடுப்புப் பக்கம் ஓடினேன்.

திரும்பிப் பார்த்தபோது அவள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கிட்டார். காதை முடுக்கில் சாய்த்து நாலு திருகு திருகினாள். சுருதி சேர்ந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வாசிப்பாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவளுடைய கிட்டார் அண்ணன் வீட்டிலேயே தங்கிப்போனதால் நான் கேட்டதில்லை. யாரும் கேட்டு வெகு காலமாகிவிட்டது.

வாசித்தாள்.

அதை எப்படிச் சொல்வது? முதலில் எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். விரல்கள் மேலும் கீழும் ஓடின. எங்கள் ஊர் ஆட்டப்பாட்டு சாகரேரா ஒன்று தாளம் பிடித்துக் குதித்து வந்தது. அப்புறம் அவள் வாயைத் திறந்து பாடினாள். மச்சான் தன் கிட்டாரை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தான். பாதிரியார் அங்கியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். முற்றத்து மண் புழுதியாகக் கிளம்பும்வரை ஆடினார்கள். நான் முழங்கை வரை மாவோடு அடுப்பங்கரையில் நின்றேன். கண் எரிந்தது. புகைதான் என்று சொல்லிக்கொண்டேன். பாட்டு முடிந்து ஊரே கைதட்டியபோது, "என் பெண்டாட்டி! அது என் பெண்டாட்டி!" என்று கரண்டியை உயர்த்திக் கத்தியவன் நான்தான்.

எவாரிஸ்தோ எம்பனாதா எடுக்க அடுப்பருகே வந்தான்.

"எவாரிஸ்தோ, உண்மையைச் சொல்லு. அவ இந்தக் கிட்டாரை எப்போ பாத்தா?"

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான். "புதன்கிழமை. கதவைச் சாத்திட்டு வாசிச்சா. நான் கேட்டுக்கிட்டே ஒருத்தருக்குப் பாதி மீசையை எடுத்துட்டேன்."

"புதன்கிழமையேவா!"

"அப்போ அது பின்னறையில இருந்துச்சு. கொண்டாந்து உன் நாற்காலிக்கு நேரா மாட்டச் சொன்னதே உன் வீட்டம்மாதான். 'நேரா கேட்டா எங்க ஆளு ஆறு மாசம் யோசிப்பாரு. அவருக்கே ஆசை வந்துட்டா வேண்டாம்னு சொல்லிக்கிட்டு ஓடி வருவாரு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்'ன்னா."

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா இந்த எம்பனாதா கிடைக்குமா? உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்."

அதற்குள் முற்றத்திலிருந்து எதெல்மிரா கூப்பிட்டாள். முகம் சிவந்திருந்தது. இருபது வயது குறைந்திருந்தது.

"நிகனோர்! அங்க என்ன மாநாடு? ஆடறவங்களுக்கு அடி பத்தல. இங்க வந்து உக்காரு!"

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எனக்காக யாரோ தூக்கிப் போட்டது. எவாரிஸ்தோ பொம்போவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, இரண்டு கோலையும் கையில் திணித்தான். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அதையும் வாங்கிவிடுவாள் என்று மூடிக்கொண்டேன்.

அவள் தலையை அசைத்தாள். நான் அடித்தேன். தரை அதிர்ந்தது. ஒரு அடிகூடத் தப்பவில்லை. கசாப்புக் கடைக்காரர் வாயைப் பிளந்தார். "அடடா நிகனோர், இதை எங்கய்யா கத்துக்கிட்டே?" என்றார் பாதிரியார்.

கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, சுவாமி? கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தாளம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வாத்தியம்தான் இன்றைக்குக் கிடைத்தது.