குளிரிலும் கெடும் மீன்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த மகத்தான நிகழ்ச்சி, 1984-ல் காரைக்கால் தலத்தெருவில் ஒரு வாடகை மாடியில் நடந்தது. அங்கேதான் அரசாங்கத்தின் ‘அதிகுளிர் வேதிவினைக் கணிப்பு மையம்’ திறக்கப்பட்டது. அதற்குச் செயலாளராக இருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

பாரிசில் படித்துவிட்டு வந்த ஃபெர்னான்தான் விஞ்ஞானி. அணுக்கள் வினைபுரிய ஒரு சக்திச் சுவரைத் தாண்ட வேண்டுமாம். கடுங்குளிரில் அவற்றுக்கு அந்தத் தெம்பு இருக்காது. ஆனால் குவாண்டம் விதிப்படி, சில அணுக்கள் சுவர் ஏறாமலே உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போய்விடும் என்றார். சிபாரிசில் வேலைக்கு வந்த எங்கள் குழுவுக்கு இது சட்டென்று புரிந்தது.

சிக்கல் கம்ப்யூட்டரால் வந்தது. அதற்கு ஏ.சி. வேண்டும். ஏ.சி.யையும் பக்கத்துத் தெரு காதர் பாட்சாவின் ஐஸ் பாக்டரியையும் சேர்த்துத் தாங்க டிரான்ஸ்பார்மருக்கு வக்கில்லை. பட்டினச்சேரி மீனெல்லாம் அந்த ஐஸை நம்பித்தான் வெளியூர் போகும்.

கூட்டம் கூடியது. நான் தீர்மானம் வாசித்தேன்:

“குளிரிலும் வினை நிற்பதில்லை, ஆகவே மீன் குளிரிலும் கெடும் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டபடியால், மீனுக்கு ஐஸ் வைப்பது மூடநம்பிக்கை. மின்சாரம் மையத்துக்கே ஒதுக்கப்படுகிறது.”

ஃபெர்னான் பதறி எழுந்தார். “முசியே, நான் சொன்னது ஹைட்ரஜனுக்குங்க. மைனஸ் இருநூத்தம்பது டிகிரியில. மீனுக்கு ஐஸ் கட்டாயம் வேணும்.”

‘தன்னடக்கம்’ என்று குறித்துக்கொண்டேன். தீர்மானம் நிறைவேறியது.

ஐஸ் பாக்டரி நின்றது. பட்டினச்சேரிக் கரையில் மீன் குவிந்து நாறியது. வாங்க வந்த லாரிகள் காலியாகத் திரும்பின. விஞ்ஞானம் வளரும்போது கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும்.

ஒருநாள் காதர் பாட்சா நேரே கம்ப்யூட்டர் அறைக்குள் வந்துவிட்டார். எங்களைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டருக்கு அடியில் பார்த்தார். குழு உறுப்பினர்கள் வீட்டு மீன்பைகள் அங்கே ஏ.சி. குளிரில் வரிசையாக இருந்தன.

“இது என்னங்க?”

“ஆராய்ச்சி மாதிரிகள்” என்றேன்.

ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பாக இருந்தது.

“ஊரு மீனு குளிர்லயும் கெட்டுப் போவும். ஒங்க வூட்டு மீனு மட்டும் கெடாதோ?”

ஃபெர்னான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ பெருமிதம். விஞ்ஞானத்தில் கேள்விதானே முக்கியம்? அதை ஆராய உடனே ஒரு துணைக்குழு அமைத்தேன்.

அன்று மதியம் பட்டினச்சேரியில் மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். துணைக்குழு அதே நேரத்தில் என் வீட்டில் கூடி, மாதிரிகளை வறுத்து, முள் மட்டும் மிஞ்சும்படி ஆராய்ந்து முடித்தது.