லேமினேஷன் போட்ட பதினேழு

ராஜபாளையம்
11.10.94

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

வழியில் ஐஸ் உருகவில்லை. அம்மாவின் ரத்தம் கெடாமல் மதுரை போய்ச் சேர்ந்தது. பிலாயில் நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். இங்கும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மார்பில் கட்டி. சுண்டைக்காய் அளவு. உங்கள் அக்கா நாலு மாதம் மறைத்திருக்கிறாள். டாக்டர் தனுஷ்கோடி தொட்டுப் பார்க்க வேண்டும் என்றதும் முந்தானையை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கம்பெனியில் பேண்டேஜ் துணி மடிக்க நேரமாச்சு என்று எழுந்துவிட்டாள். அவர் களைத்துப்போய், புற்றுநோய்க்கு ரத்தத்திலும் ஒரு அடையாளம் பார்ப்பார்கள், அதையாவது கொடுங்கள் என்றார். உடனே கையை நீட்டினாள், கைதானே. லேப் காதர் அண்ணன் எடுத்துக் கொடுத்ததை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து நானே பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் டயர் பஞ்சர். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு வாய் காபி கேட்டார். இல்லை என்று பிளாஸ்க்கை மடியில் இறுக்கிக்கொண்டேன். மதுரை வரை அவர் என்னைக் கஞ்சப்பிசினாறி என்றே பார்த்துக்கொண்டு வந்தார்.

முடிவு வர எட்டு நாள். அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

பதினேழு என்று வந்தது. முப்பதுக்குள் இருந்தால் சரி என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. அம்மா அந்தத் தாளுக்கு லேமினேஷன் போட்டு, கம்பெனியில் அம்புட்டுப் பேருக்கும் காட்டினாள். கூட வேலை பார்க்கும் பிச்சையம்மாள், தனக்கு எடுத்தாலும் பதினேழு வருமா என்று கேட்டாளாம்.

ஆகவே நீங்கள் லீவு போட்டு வர வேண்டாம். அத்தைக்கு வணக்கம். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் மருமகள்
அழகுத்தாய்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். சாயங்காலம் டாக்டரிடம் தாளைக் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை. கட்டி சிறிதாக இருக்கும்போது ரத்தம் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது, இந்த எண்ணை நம்பிச் சும்மா இருக்க முடியாது, மதுரையில் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே மதுரைக்குச் சீட்டு எழுதப் போனார். பேனா வழுக்கியது.

அம்மா தாளைத் திரும்ப வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

"ஏட்டி, அங்க பொம்பள டாக்டர் இருக்காகளா?"

"இருக்காக."

"அப்ப ஒங்க மாமன வரச் சொல்லு. நீ பயப்படுவ."

மதுரைக்குப் போன் போட்டு, இருபத்தொன்றாம் தேதிக்கு அம்மாவின் பெயரைப் பதிந்தேன்.