கோபுரத்துக்குப் பின்னால்

முதல் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு ரோபோக்களும் காணாமல் போய்விட்டன.

காணாமல் போயின என்றால் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. களத்தின் நடுவில் நின்ற கோபுரத்துக்குப் பின்னால் பந்து பொறுக்கப் போனவை, போனவைதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ரிமோட்டும் கையுமாக நின்ற பிள்ளைகள் இருவரும் நுனிக்காலில் எம்பினார்கள், இடப்பக்கம் சாய்ந்தார்கள், வலப்பக்கம் வளைந்தார்கள். பழுப்பு நிறத்தில் ஆளுயரத்துக்கு நின்ற அந்த நாற்சதுரக் கோபுரம் யாருக்கும் வழிவிடவில்லை. எதுவோ எதிலோ முட்டும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மணி அடித்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

"ஒண்ணுமே தெரியல சார். குருட்டாம்போக்குல ஓட்ட வேண்டியிருக்கு" என்றான் ஓட்டியவர்களில் ஒருவன்.

இயற்பியல் வாத்தியார் கையைப் பிசைந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் உம்மணாமூஞ்சி. அது அவருக்கும் தெரியும். ஆட்சேபம் சொல்ல அவரிடம் ஆதாரம் ஏதும் இல்லாததால் பேசாமல் இருந்துவிட்டார்.

பன்னிரண்டு பள்ளிகள் வந்திருந்தன. போட்டியை நடத்தும் பொறுப்பு இந்தப் பள்ளிக்கு முதல்முறையாகக் கிடைத்திருந்தது. தாழ்வாரக் கடைசியில் இருந்த அறையை ரோபோ அறையாக்க அவர் தலைமையாசிரியையிடம் இரண்டு வருடம் நடையாய் நடந்து, இப்போதைக்கு என்று சாவியை வாங்கி வைத்திருந்தார். அதே அறையின் மேல் விளையாட்டு ஆசிரியருக்கும் ஒரு கண். உடைந்த தடைக்கட்டைகளையும் காற்றுப்போன பந்துகளையும் போட்டுவைக்க அவருக்கு இடமில்லையாம். நேற்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். போட்டி நல்லபடியாக நடந்தால் அறை வாத்தியாருக்கு, இல்லாவிட்டால் சாவி விளையாட்டு ஆசிரியருக்கு.

அறை போனால் போகட்டும் என்று விட அவரால் முடியாது. எறும்பு இருக்கிறாளே.

எறும்பு என்பது ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் குட்டைப் பெண். ஒரு வருடம் முழுக்க அவள் வாயிலிருந்து "உள்ளேன்" தவிர வேறு சொல் வந்து எந்த ஆசிரியரும் கேட்டதில்லை. ஒரு நாள் அந்த அறையில் அவள் கையில் ரிமோட்டைக் கொடுத்தார். பத்தாவது நிமிடம் அவள் ரோபோவை அதட்டினாள். "அங்க எங்க போற? இங்க வா." அன்று வீட்டுக்குப் போகும் வழியில் உம்மணாமூஞ்சிக்குக் கண் கலங்கிவிட்டது. யாராவது கேட்டால் தூசி என்று சொல்லத் தயாராக இருந்தார். யாரும் கேட்கவில்லை.

இப்போது அவள்தான் பள்ளி அணியின் ஓட்டுநர்.

கோபுரம், போட்டிக் குழு அனுப்பிய சீல் வைத்த பெட்டியில் வந்தது. போட்டியன்று காலையில்தான் பிரிக்க வேண்டும் என்பது விதி, அதனால் எந்தப் பள்ளியும் அதை முன்பின் பார்த்ததில்லை. உள்ளே நான்கு பலகைகள், ஒரு பிடி திருகாணி, படம் போட்ட ஒரு தாள். தாளில் படத்தைத் தவிர ஒரே ஒரு வரிதான் இருந்தது: பலகைகளில் கீறல் விழக் கூடாது. பார்த்தால் அட்டை மாதிரி இருந்தது, தூக்கினால் மணிக்கட்டு விட்டுப்போயிற்று. வாத்தியார் வேர்க்க விறுவிறுக்க அதை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே காவலுக்கு நின்றார்.

அப்படியும் காலையில் எறும்பு அதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு மூலையை நகத்தால் நோண்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்.

"அதுல கை வெக்காத. கீறல் விழுந்தா நமக்குத்தான் கெட்ட பேரு."

"இல்ல சார், இது..."

"கைய எடுன்னு சொன்னேன்."

கையை எடுத்தாள். வாயையும் மூடிக்கொண்டாள்.

முதல் ஆட்டத்துக்குப் பிறகு நடுவரிடம் போய்க் கேட்டார்கள். அவர் ஓய்வுபெற்ற மனிதர், விதிப் புத்தகத்தையும் நிறுத்துக் கடிகாரத்தையும் தவிர உலகில் எதையும் நம்பாதவர். கோட்டைத் தாண்டக் கூடாது, கோபுரத்தை நகர்த்தக் கூடாது, மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்று கை விரித்துவிட்டார்.

வாத்தியார் கோட்டுக்குப் பின்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, ஓட்டுகிறவர்களை அதன் மேல் ஏற்றினார். பெஞ்சுக்குக் கால் ஆடியது. சரிபண்ணும் தச்சரோ சாயங்காலம்தான் வருவார். கோபுரத்தோடு வந்த படத் தாளை மடித்துக் காலுக்கடியில் சொருகினார். இரண்டாம் ஆட்டத்தில், தன் ரோபோ கண்ணுக்குத் தெரிந்த சந்தோஷத்தில் ஒரு முனையில் நின்ற பையன் கீழே குதித்தான். மறுமுனையில் நின்ற பெண் சறுக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிமோட் இரண்டாகிவிட்டது. அவளை அழைத்து வந்திருந்த கணக்கு டீச்சர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவர் பேனாவைத் திறந்து, "உங்க முழுப் பேரு என்ன சார்?" என்று அமைதியாகக் கேட்டார்.

பெஞ்சு வெளியே போயிற்று, கொடி உள்ளே வந்தது. ரோபோ தெரியாவிட்டாலும் அதன் தலையில் நட்ட கொடி கோபுரத்துக்கு மேலே தெரியுமே. நீளமான குச்சிகளைத் தேடிப் பிடித்து, பழைய மேடைத் திரையைக் கிழித்து அவரே கட்டினார். ஆட்டம் ஆரம்பித்த பிறகுதான் இரண்டு கொடியும் ஒரே பச்சை என்பது உறைத்தது.

கோபுரத்துக்கு மேலே ஒரு கொடி ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. "நான் சொன்னபடி கேக்குது சார்" என்று ஒருத்தி முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள். மணி அடித்ததும் எல்லாரும் பின்னால் போய்ப் பார்த்தார்கள். சொன்னபடி கேட்டது எதிர் அணியின் ரோபோ. அவளுடையது ஆரம்பத்திலேயே கொடி முறிந்து, ஒரு மூலையில் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி மயங்கிக் கிடந்தது. அவள் அழுதாள். கணக்கு டீச்சர் இன்னொரு தாள் எடுத்தார்.

அடுத்த ஆட்டம் எறும்புக்கு.

எறும்புக்குப் பெஞ்சும் போதாது, கொடியும் போதாது. அப்போதுதான் வாத்தியாருக்குத் தலைமையாசிரியையின் அறையில் இருக்கும் ஆளுயர நிலைக்கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது. கேட்க நேரமில்லை. இரண்டு பேரைப் பிடித்துத் தூக்கிவரச் செய்து, களத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ஓரமாக நிறுத்தினார். கோட்டில் நின்று பார்த்தார். கோபுரத்தின் பின்புறம் தெளிவாகத் தெரிந்தது. அன்று முதல்முறையாக அவர் முகம் சிரிப்பதற்கு ஒரு முயற்சி செய்தது.

கண்ணாடியை நோக்கிப் போகிற பொருளின் பிம்பம் நம்மை நோக்கி வருவதுபோல் தோன்றும். இதை இருபது வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கி வருபவர் அவர். அன்று மட்டும் மறந்துவிட்டார்.

எறும்பின் ரோபோ பின்னால் போய் மூன்று பந்துகளை அள்ளிக்கொண்டது. கூட்டம் கைதட்டியது. தலைமையாசிரியை விருந்தினர்களோடு உள்ளே வந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றார். எறும்பு ரோபோவைத் திருப்பித் தன் கோட்டை நோக்கி அழைத்தாள்.

"வருது சார்" என்றாள். கண்ணாடியில் ரோபோ அவளை நோக்கி வந்துகொண்டுதான் இருந்தது. அவள் வேகத்தைக் கூட்டினாள்.

"வருது, வருது" என்றது கூட்டமும்.

வந்தது. கண்ணாடியில் போய் மோதி நின்றது. அடியிலிருந்து உச்சிவரை விரிசல் ஓடியது. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு தலைமையாசிரியைகள் வாத்தியாரைப் பார்த்தார்கள்.

"என்னோட கண்ணாடியா சார் இது?" என்று இருவரும் கேட்டார்கள்.



அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மீதி ஆட்டங்கள் இன்னொரு நாள் வேறு பள்ளியில் நடக்கும் என்று நடுவர் அறிவித்தார். பள்ளிகள் பெட்டி கட்டின. கணக்கு டீச்சர் தாள்களைப் பின் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். விளையாட்டு ஆசிரியர் அதை வருத்தத்தோடு வாங்கிக்கொண்டார். வருத்தம் சாவியைப் பையில் போடும்வரை நீடித்தது.

எறும்பு ரிமோட்டைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். அவர் அவளிடம் போனார்.

"தப்பு உன்னோடது இல்லம்மா. என்னோடது."

அவள் கோபுரத்தைக் காட்டி, "சார், அந்தக் கோபுரம்..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்மா. அதப் பத்திப் பேச்சே எடுக்காத. பாக்கவே பிடிக்கல."

அவள் தலையாட்டினாள். பையைத் தூக்கிக்கொண்டு போய் அரங்கின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்வது அவருக்குப் பழக்கமானது. ஒரு வருடம் பார்த்திருக்கிறார். போட்டி போனது, அறை போனது, கண்ணாடி போனது எல்லாவற்றையும்விட அதுதான் அவருக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. நாளைக்கு வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் "உள்ளேன்" என்பாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் தச்சர் திருப்புளியோடு வந்தார். பெஞ்சைச் சரிபண்ண வந்தவரிடம், முதலில் அந்தக் கோபுரத்தைப் பிரித்து என் கண்ணில் படாத இடத்தில் போடுங்கள் என்று வாத்தியார் கேட்டுக்கொண்டார். தச்சர் நிதானமானவர். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டார். முதல் பலகையைத் தூக்கினார், கனம் பார்த்தார், விரலால் தட்டினார். பிறகு அடி மூலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே திரும்பினார்.

"ஏன் சார், அந்தப் பக்கம் பளிச்சுனு தெரியற பிளாஸ்டிக் பலகையாச்சே இது, மேல ஒட்டியிருக்கற காகிதத்த உரிக்காமலேவா நிறுத்துனீங்க? இந்த மூலையில மட்டும் யாரோ விவரம் தெரிஞ்சவங்க உரிக்க ஆரம்பிச்சிருக்காங்க, பாருங்க."