நான்காவது முறை எழுந்துபோனது குறித்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கே நாங்கள் நலம். நீங்களும் நலமென்று உங்கள் கடிதத்தின் கோபத்திலிருந்தே தெரிந்தது. உங்கள் பணி ஓய்வுப் பாராட்டு விழாவில், நீங்கள் பேசப் பேச உங்கள் தங்கை நான்கு முறை எழுந்துபோய் அவமானப்படுத்திவிட்டாளாம். எழுத்தில் மன்னிப்புக் கேட்கும்வரை உங்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதாம். அதைப் படித்த நாளிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பில்லை. "அண்ணன்கிட்ட எதுவும் சொல்லாதீங்க" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை இப்போது மீறுகிறேன்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அவளுக்கு இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நீங்கள் "கரண்ட் வச்சாச்சா? சரியாயிடுச்சுல்ல?" என்று இரண்டு முறை போனில் கேட்டீர்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதை நான் மறக்கவில்லை, மறக்கும் உத்தேசமும் இல்லை. நோய் போய்விட்டது. ஆனால் அந்தக் கதிர் கருப்பையோடு நிற்காமல் பக்கத்திலிருந்த குடலையும் புண்ணாக்கிவிட்டது. மூன்றாவது வாரமே வயிற்றுப்போக்கு. முறுக்கினால் இரண்டு நிமிடம்தான் அவகாசம். "சிலருக்கு மாசக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு" என்றார் டாக்டர். அழுவாள் என்று நான் கைக்குட்டையை எடுத்தேன். அவள் பேனாவை எடுத்தாள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவள் இல்லையா? வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் உள்ள கழிப்பறைகளையெல்லாம் அளவு பிசகாமல் வரைந்துவிட்டாள். சுத்தமானது நீலம், தாழ்ப்பாள் இல்லாதது மஞ்சள், சாவி கேட்டால் முறைக்கும் மருந்துக்கடைக்காரர் சிவப்பு. தலைமை நர்ஸ் அதைச் சுவரிலேயே ஒட்டிவிட்டார். அங்கே வரும் பெண்கள் நகலெடுத்துப் போகிறார்கள். என் முதுகலைப் பட்டத்துக்கு இதுவரை ஒருவரும் நகல் கேட்டதில்லை.

உங்கள் மண்டபத்தையும் முதல்நாளே போய் அளந்தாள். ஓரத்து நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு முப்பத்தெட்டுத் தப்படி. நீங்களோ, "போட்டோவுல நீ நடுவுல இருக்கணும்மா" என்று முன்வரிசை சோபாவில், உங்கள் சம்பந்திக்கும் மேலதிகாரிக்கும் நடுவே செருகிவிட்டீர்கள். "அண்ணே, நான் ஓரமா உக்காந்துக்கிறேனே" என்று அவள் கெஞ்சியது உங்கள் காதில் ஏறவில்லை. உங்கள் பேச்சில் நீங்கள் பிறந்தபோது ஒருமுறை, முதல் பதவி உயர்வில் ஒருமுறை, இரண்டாவது பதவி உயர்வில் ஒருமுறை, சம்பந்தியின் காலை மிதித்துக்கொண்டு ஓடினாள். மூன்று முறையும் உடை கசங்காமல் திரும்பிவந்து அதே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நானாக இருந்தால் வீட்டுக்கு ஓடியிருப்பேன். நான்காவது முறை எழுந்தபோது, சாப்பாடு தயார் என்று நினைத்துப் பின்வரிசைகளும் எழுந்தன, மண்டபம் காலி, நீங்கள் மைக்செட்காரரைப் பார்த்துப் பேசி முடித்தீர்கள். அதற்கு அவள் குடலா பொறுப்பு?

நிபந்தனையைத் திரும்பப் பெறுங்கள். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். வீட்டம்மாவுக்கு வணக்கம், பேரனுக்கு ஆசி. உங்களுக்கு நல்ல ஜீரணம் வாய்க்கட்டும்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவள் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால், ஓரிடத்தில் சிவப்புப் பேனாவால் சுழித்தாள். "மூணு தடவை சரிங்க. நாலாவது தடவை வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. 'ஆஸ்பத்திரியில கூடவே இருந்து என் தங்கச்சியை நான்தான் காப்பாத்தினேன்'னு மைக்குல சொன்னாரு பாருங்க, அப்பத்தான் எழுந்தேன்." மூன்றாவது முறைக்குப் பிறகு நான் மாற்றுத்துணிப் பையோடு கழிப்பறை வாசலிலேயே காவல் நின்றுவிட்டதால், கூட்டம் எழுந்தது தெரிந்ததே தவிர அது எனக்குக் கேட்கவில்லை. ஆக, மேலே சொன்ன விளக்கம் நான்காவது முறைக்குச் செல்லாது.

"கிழிச்சுடவா?" என்றேன்.

"எதுக்கு? அனுப்புங்க. கூட இருந்தது யாருன்னு அவரே கண்டுபிடிக்கட்டும்."

அதுவும் சரிதான். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.